எந்தக் கல்லில் என் பிள்ளையின் பெயர்?



கடந்த மாதம் கண்டியில் மூன்று நாள் செயலமர்வு ஒன்றை நடத்தினோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மட்டக்களப்பு மாவட்டங்களிலிருந்து பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் போரில் கணவனையோ பிள்ளையையோ சகோதரனையோ இழந்தவர்கள். அல்லது இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவர்கள். இரண்டாம் நாள் பின்னேரம் வகுப்பு இருக்கவில்லை. "கண்டிக்கு வந்து ஒண்டும் பாக்காமப் போறதோ மிஸ்?" என்று கேட்டார்கள். வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம்.

முதலில் தலதா மாளிகைப் பக்கம் போனோம். மாளிகைக்கு முன்னுள்ள மகாமலுவ என்ற திறந்த வெளியில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அது கெப்பெட்டிபொல திசாவவின் நினைவுச் சின்னம். யார் அவர் என்று ஒரு அக்கா கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இம்மாதப் பக்கத்தின் விடயமே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல் மடுவவில் செய்யப்பட்ட உடன்படிக்கையோடு கண்டி இராச்சியம் பிரித்தானியரின் கைக்குப் போனது. ஓரிரு வருடங்களில் ஊவா, வெல்லச பகுதிகளில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை அடக்குவதற்குப் பிரித்தானியர் அனுப்பிய அதிகாரிதான் கெப்பெட்டிபொல. அவர் போன இடத்தில் மக்களின் பக்கம் சேர்ந்துகொண்டார். கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. வீடுகள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. அந்தத் தலையின் ஓட்டை ஆராய்ச்சிக்கென ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்குக் கொண்டு போனார்கள். நாடு சுதந்திரம் பெற்ற பிறகு அது திரும்பி வந்து, 1954இல் இந்த நினைவுச் சின்னத்தில் வைக்கப்பட்டது.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1818இல் பிரித்தானிய ஆளுநர் விடுத்த அறிவித்தலில் கெப்பெட்டிபொல உட்படப் பத்தொன்பது தலைவர்கள் துரோகிகள் எனப் பெயர் குறிக்கப்பட்டார்கள். அந்த அறிவித்தலை இலங்கை அரசு இரத்துச் செய்தது 2016ஆம் ஆண்டு டிசம்பரில். பாடப்புத்தகத்தில் எவ்வளவோ காலமாக வீரர்களாக இருந்தவர்கள் சட்டப் புத்தகத்தில் 198 வருடங்கள் துரோகிகளாகவே இருந்திருக்கிறார்கள்!

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'கூட்டு நினைவு' என்ற சொல்லைப் பரீட்சைக்காக மனனம் செய்தேன். மொரிஸ் ஹல்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் அதைப் பற்றி 1925இல் நூல் எழுதினார். தனி மனிதர் நினைவு வைத்திருப்பதாக நாம் எண்ணினாலும், எதை நினைக்க வேண்டும், எதை மறக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சமூகமே தீர்மானிக்கிறது என்பது அவருடைய கருத்து. அவரே 1945இல் புக்கன்வால்ட் என்ற நாஸி வதை முகாமில் இறந்தார். அன்று மனனம் செய்த சொல்லின் பொருள் அந்தத் தூணடியில்தான் எனக்குச் சரியாக விளங்கியது. நாடு போரை நினைவில் வைத்திருப்பது ஒரு பட்டியல் எழுதுவதைப் போன்றது. பட்டியலை எழுதுபவர் மாறினால் பெயர்களும் மாறும்.

அந்தப் பட்டியல்களில் பெண்கள் எங்கே? கண்டியில் கேட்கக் கிடைப்பது எகலப்பொல குமாரிஹாமியின் கதை. கணவர் மன்னனை விட்டு ஆங்கிலேயர் பக்கம் போனதற்காக 1814இல் பிள்ளைகள் கொல்லப்பட்டு, அவரும் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார் என்பது அக்கதை. அதை எழுதி உலகெங்கும் பரப்பியவர்கள் ஆங்கிலேயர்கள். கண்டியைப் பிடிக்க அவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 2017இல் வெளியான தமது நூலில் கடைசி மன்னனைப் பற்றிய இந்தச் சித்திரிப்பைக் கேள்விக்குட்படுத்தினார்.

இன்னொரு பெண் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1815 பெப்ரவரி 18ஆம் திகதி மெத மகாநுவரவுக்கு அருகே மன்னன் சிறீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டபோது, அவனுடைய தேவியரின் காதுகளிலிருந்து நகைகள் பிடுங்கப்பட்டு இரத்தம் வழிந்ததாக அங்கிருந்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மணம் முடித்து வந்த பெண்கள். பின்னர் மன்னனோடு வேலூருக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இதைச் சொன்னபோது முல்லைத்தீவு அக்கா ஒருவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து, நகரத்தை அடுத்துள்ள கண்டி போர் மயானத்துக்குப் போனோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944 ஏப்ரலில், தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டது. பேராதனைப் பூங்காவிலிருந்துதான் மவுண்ட்பேட்டன் பிரபு பர்மாப் போரை நடத்தினார். அக்காலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ இருநூறு பேர் இந்த மயானத்தில் இருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பிரித்தானியர். மற்றவர்கள் கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனேடியர். இத்தாலியர் சிலரும் உண்டு. அந்தப் போரில் பெரும்பகுதிக் காலம் எதிரணியில் நின்ற நாடு இத்தாலி. இருந்தும் அவர்களும் அதே மண்ணில்தான்.

வெட்டிச் சீராக்கிய புல், வரிசையாக ஒரே அளவான அடையாளக் கற்கள், பூச்செடிகள். ஒரு சருகுகூடக் கிடக்கவில்லை. எங்கள் பெண்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

கிளிநொச்சியிலிருந்து வந்த அம்மா ஒருவர் ஒரு கல்லுக்கு முன்னால் குந்தி இருந்தார். அவருடைய தாய் புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்குப் போன குடும்பம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பெயரின் எழுத்துக்களை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"இது ஆரின்ர பிள்ளை மிஸ்?"

கிழக்காபிரிக்காவிலிருந்து வந்த படையாள் என்று சொன்னேன்.

"எவ்வளவு தூரத்தில இருந்து வந்து செத்திருக்கு. ஆனா பேர் இருக்கு. கூட்டித் துடைக்க ஆள் இருக்கு. என்ர பிள்ளை சொந்த நாட்டில செத்தவன். அவனுக்கு ஏன் ஒரு கல் இல்லை?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வடக்கு கிழக்கின் துயிலும் இல்லங்கள் போருக்குப் பின் இடித்தழிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். கோப்பாயில் அதே நிலத்தில் படைத் தலைமையகம் கட்டி 2011இல் திறந்தார்கள். எங்களை அடிமைப்படுத்திய வெள்ளைக்காரனின் படையாளுக்குக் கண்டியில் கிடைக்கும் மரியாதை, இந்த நாட்டின் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த அம்மாவின் துயரம் அதோடு முடியவில்லை. திரும்பி வரும்போது வானில் என் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார். அவருடைய மகனை 2009 தொடக்கத்தில் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்குப் பதினேழு வயது. ஒரு மாதத்தில் செய்தி வந்தது. "துயிலுமில்லம் இருந்திருந்தாலும் அவனை அங்க வேற ஒரு பேரிலதான் எழுதியிருப்பினம். அரசாங்கம் அவனைப் பயங்கரவாதி எண்டுது. மற்றப் பக்கம் மாவீரன் எண்டுது. அவன் ரெண்டும் இல்லை மிஸ். அவன் சைக்கிள் திருத்தப் பழகிக்கொண்டிருந்தவன். எந்தக் கல்லில அவன்ர பேரை எழுதுறது?"

சகோதரிகளே, இந்தக் கேள்வியைத்தான் இந்த மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கண்டியில் நாங்கள் பார்த்தது போன்ற மயானங்களைப் பராமரிப்பது பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு. 1914இல் போர்முனைக்குச் செஞ்சிலுவைச் சங்க வாகனங்களோடு போன பேபியன் வெயார் என்பவர், புதைக்கப்படுபவர்களின் பெயர்களை யாரும் ஒழுங்காக எழுதி வைக்காததைக் கண்டு, தாமே பதிவு செய்யத் தொடங்கினார். அதிலிருந்து 1917இல் உருவானதே அந்த அமைப்பு. தளபதியானாலும் சாதாரண சிப்பாயானாலும் ஒரே மாதிரியான கல்; ஒவ்வொருவருக்கும் பெயர்; உடல் கிடைக்காதவரின் பெயர் நினைவுச் சுவரில். இவை அவர்களுடைய கொள்கைகள்.

நல்ல கொள்கைதான். ஆனால் அங்கும் எல்லோருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. முதலாம் உலகப் போரில் பிரித்தானியருக்காக இறந்த ஆபிரிக்க, ஆசிய, மத்திய கிழக்கு மக்களில் குறைந்தது 116,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, அந்தத் தொகை 350,000 வரை இருக்கலாம் என்று அந்த ஆணைக்குழுவே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடங்களுக்குப் பிறகுதான் அந்த மன்னிப்பு வந்தது. பட்டியலில் இல்லாதவர்கள் எங்கள் பிள்ளைகள் மட்டுமல்ல.

அந்த அமைப்பில் முக்கிய பங்கெடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். போரை ஆதரித்து எழுதியவர். கண்பார்வை குறைந்த தன் ஒரே மகனைச் செல்வாக்கைப் பயன்படுத்திப் படையில் சேர்த்தார். 1915இல், பதினெட்டு வயதில், பிரான்ஸின் லூஸ் போர்க்களத்தில் அந்தப் பிள்ளை காணாமற்போனான். பெயரும் பணமும் செல்வாக்கும் உள்ள தகப்பன், வைத்தியசாலைகளிலும் உயிர் தப்பிய படையினரிடமும் வருடக்கணக்கில் விசாரித்தார். 1936இல் அவர் இறக்கும்வரை மகனின் புதைகுழி எது என்று தெரியவில்லை. அடையாளம் தெரியாத படையினரின் கல்லறைகளில் பொறிப்பதற்கான வாசகத்தைத் தெரிவு செய்து கொடுத்தவரும் அவர்தான். படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கும் எங்கள் தாய்மாருக்கு இந்தத் தகப்பனின் நிலையை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அந்த மயானங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லின் அடியில் குடும்பத்தவர் விரும்பிய வாசகமொன்றைப் பொறிக்கலாம். இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துக்களுக்கு மேற்படக் கூடாது. கல்லின் மேற்பகுதியில் இலக்கம், தரம், படைப்பிரிவு என்று அரசாங்கம் எழுதியது. அடியில் இருந்த அந்த ஒரு வரி மட்டும் வீட்டுக்குச் சொந்தம். அந்த வரியில் அவன் படையாள் அல்ல. ஒரு வீட்டுப் பிள்ளை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு இதைப் பெண்களிடம் சொன்னேன். "உங்களுக்கு அப்படி ஒரு வரி கிடைத்தால் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டுக் கடதாசியும் பேனையும் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் என் பிழை எனக்கு விளங்கியது. மட்டக்களப்பு அம்மா ஒருவர் கடதாசியைத் திருப்பித் தந்துவிட்டார். அவருடைய கணவர் 1990இல் கொண்டு போகப்பட்டவர், திரும்பி வரவில்லை.

"கல்லுல எழுதினா அவர் இல்ல எண்டு நானே சொன்ன மாதிரி ஆகிடும் மகள். நான் எழுத மாட்டன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். இறந்தவரை நினைவுகூர்வது வேறு. காணாமலாக்கப்பட்டவரைத் தேடுவது வேறு. இரண்டையும் ஒரே கடதாசியில் எழுதச் சொல்வது, மரணச் சான்றிதழைக் கையில் திணிக்கும் அதிகாரி செய்வதையே நானும் செய்வதாகும். சிறிது நேரம் எல்லோரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவரே கடதாசியைத் திரும்பக் கேட்டார். "எழுதத்தான் வேணுமெண்டா, 'இன்னும் பாத்துக்கிட்டு இருக்கம்' எண்டு எழுதுங்க. கல்லுல வேணாம். கொப்பில எழுதுங்க." எழுதினேன்.

கிளிநொச்சி அம்மா சொல்லச் சொல்ல அவர் பக்கத்தில் இருந்தவர் எழுதினார். "சைக்கிள் திருத்தப் பழகினவன். தங்கச்சிமாருக்கு மூத்தவன். பாலைப்பழம் விருப்பம்." 66க்குள் அடங்கிவிட்டது. எந்தப் பக்கத்துப் பட்டியலிலும் இல்லாத பிள்ளை அந்த மூன்று சின்ன வசனங்களில் இருந்தான்.

இந்த நாடு தன் போரை எப்படி நினைவுகூர வேண்டும் என்பது இன்னும் தீராத வழக்கு. மே 18ஆம் திகதி வடக்கு கிழக்கில் அழுகிறோம். அடுத்த நாள் தெற்கில் படையினர் நினைவுகூரப்படுகிறார்கள். பாராளுமன்றத்துக்கு அருகே பத்தரமுல்லையில் படையினரின் பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. அங்கே சிங்களத் தாய்மார் பெயர்களைத் தேடி விரலால் தடவும் படங்கள் பத்திரிகைகளில் வரும். கண்டி மயானத்தில் எங்கள் அம்மா தடவியதும் அதேபோலத்தான். அந்தத் தாய்மாரோடு எங்களுக்குப் பகை இல்லை. அவர்களுக்குத் தொட ஒரு பெயர் இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்பதே எங்கள் முறைப்பாடு.

அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல், சுதந்திர தினத்தன்று போரில் பாதிக்கப்பட்ட அனைவரையும் நினைவுகூரும் தனி நிகழ்வொன்று வேண்டுமென்று பரிந்துரைத்தது. மறுபுறம், 2024 மே மாதத்தில் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். உப்பும் அரிசியும் தண்ணீருமான அந்தக் கஞ்சி, பட்டினி கிடந்த நாட்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். அதைப் பானையில் காய்ச்சிக் காப்பாற்றி வருபவர்கள் பெரும்பாலும் பெண்களே.

ஆகவே அரசு பட்டியலைத் திருத்தும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். அது எங்கள் உரிமை. ஆனால் கெப்பெட்டிபொலவுக்கு 198 வருடங்கள் எடுத்தன. அதுவரை எங்கள் வீட்டு நினைவுகள் காத்திருக்க முடியாது. இப்போதே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் உறவின் முழுப் பெயர், வீட்டுப் பெயர், பிறந்த திகதி, படித்த பாடசாலை ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியாகக் கண்ட இடம், திகதி, அப்போது அணிந்திருந்த உடுப்பு, கூட இருந்தவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். கண்ணால் கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். பிற்காலத்தில் எந்த விசாரணைக்கும் அந்த வேறுபாடு முக்கியம்.

முறைப்பாடு செய்த பற்றுச்சீட்டுகள், அடையாள அட்டைப் பிரதிகள், கடிதங்கள் ஆகியவற்றை மூன்று பிரதி எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் கொடுக்க வேண்டாம். இடம்பெயர்வுகளில் நாங்கள் இழந்தவற்றில் கடதாசிகளே அதிகம்.

காணாமற்போனவருக்காக மரணச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைப் பெறலாம். சொத்து, வங்கி போன்ற அலுவல்களுக்கு அது உதவும். அதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டதாக நீங்கள் ஒப்புக்கொண்டதாகாது. விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, கொப்பியின் முதற் பக்கத்தில் அந்த ஒரு வரியை எழுதுங்கள். வீரன், துரோகி, பயங்கரவாதி, தியாகி என்று மற்றவர்கள் சூட்டிய பெயர்கள் அதில் வேண்டாம். அவருக்கு என்ன கறி பிடிக்கும், எதற்குச் சிரிப்பார், யாருக்குப் பயப்படுவார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எழுதாவிட்டால் அதை வேறு எவரும் எழுதப்போவதில்லை.

மூன்றாம் நாள் காலை பஸ் ஏறும்போது கிளிநொச்சி அம்மா அந்தக் கடதாசியை நாலாக மடித்துத் தன் அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டார். "வீட்ட போய் பெட்டையளுக்கு வாசிச்சுக் காட்டவேணும்," என்றார். "பாலைப்பழக் கதை அவளவைக்குத் தெரியாது."